மதகும் குழாயும்: ஊர்ப் பொதுப்பணிகளைப் பேணும் கடமை



அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் காவியங்களின் நயத்தையோ, சாஸ்திரங்களின் நுட்பத்தையோ, பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையோ எடுத்துப் பேசுவது மரபாக இருக்க, ஏரி மதகையும் தெருக்குழாயையும் பற்றிப் பேச நான் முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பை அளிக்கக்கூடும். ஆயினும், அரசாங்கம் என்ற ஒன்று இருப்பதைச் சாமானிய மனிதன் உணர்வது சட்டமன்ற விவாதங்களால் அன்று. வீட்டு வாசலுக்கு வரும் தண்ணீர், இருட்டியதும் எரிய வேண்டிய தெருவிளக்கு, மழைநீர் தேங்காமல் ஓட வேண்டிய கால்வாய், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் சுகாதார நிலையம், மாதந்தோறும் அரிசி அளக்கும் ரேஷன் கடை ஆகியவற்றாலேயே அவன் அதை உணர்கிறான். இவை ஒழுங்காக நடைபெறும் ஊரில் ஜனநாயகம் பிரத்தியட்சமான அனுபவம். இவை சீர்குலைந்த ஊரிலோ, தேர்தல் காலத்தில் மட்டும் காதில் விழும் ஒரு சொல்.

இப்பணிகள் அனைத்தையும் ஒரு சொற்பொழிவில் அடக்குவது சாத்தியமன்று. ஆதலால் அவற்றுள் முதன்மையான தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக மற்றவற்றுக்கும் பொருந்தும் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் நாட்டில் பொதுப்பணிகள் நலிவது பெரும்பாலும் கட்டப்படாததால் அன்று, கட்டியபின் பேணப்படாததால்தான் என்பதும், பேணுவதற்குப் பணம் மட்டும் போதாது, பேணுகிறவர் யார் என்பதை ஊர் அறிந்திருப்பதும், அவருக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைப்பதும், செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊரார் கூடிக் கணக்குக் கேட்பதும் அவசியம் என்பதுமே அந்தக் கருத்து.

ஏரி வாரியத்தின் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்களை நம்மவர் பெருமையோடு நினைவுகூர்வது வழக்கம். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையையே எல்லோரும் பேசுகிறோம். என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தவை வேறு இரண்டு செய்திகள்.

ஊர்க் காரியங்களுக்கென்று அமைந்த வாரியங்களுள், சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர் வீதம் அமர்த்தியதோடு, ஏரி வாரியம் என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தி அதற்கு அறுவரை நியமித்தார்கள் என்பது முதற்செய்தி. ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் பொருளன்று, ஆண்டு முழுவதும் ஆறு பேருடைய சிரத்தையைக் கோரும் பொருள் என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் மீண்டும் ஓலைக்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பது இரண்டாம் செய்தி. அன்றியும், மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருடைய பெயரை மறுபடியும் குடத்தில் இடலாகாது. பொறுப்பு ஒருவரிடமே தேங்கக்கூடாது. பொறுப்பில் இருந்தவர் கணக்கு ஒப்புவிக்காமல் நழுவக்கூடாது. பொதுப்பணி நிர்வாகத்தின் சாரம் முழுவதும் இவ்விரண்டு விதிகளில் அடங்கிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன நான் இதன் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சபை பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட ஆடவர்க்கே அதில் இடம். ஏரியில் வண்டல் அள்ளியவரும், மதகடியில் மூழ்கி அடைப்பை எடுத்தவரும், அந்நீரைக் குடத்தில் சுமந்த பெண்டிரும் அச்சபையில் அமர்ந்ததில்லை. ஆகவே, நாம் முன்னோரிடமிருந்து பெற வேண்டியது பேணுதலின் ஒழுங்கையும் கணக்கின் கண்டிப்பையுமே அன்றி, யார் கணக்குக் கேட்கலாம் என்று அவர்கள் வகுத்த எல்லையை அன்று.

குடிமராமத்தின் எழுச்சியும் தளர்ச்சியும்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், பாசனக் கால் என்ற ஐந்தும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மற்ற நான்கும் பயனற்றுப் போகும். வரத்துக்கால்வாய் தூர்ந்தால் நல்ல மழைக்காலத்திலும் ஏரி நிறையாது; கலங்கல் அடைபட்டால் நிறைந்த ஏரியே கரையை உடைத்துக்கொண்டு ஊரை அழிக்கும். கோடையில் ஊரார் கூடி வண்டலை எடுத்துத் தம் வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோவதும், கரையின் தாழ்ந்த இடங்களை மண்ணிட்டு உயர்த்துவதும், மழை தொடங்குமுன் கால்வாயைச் செதுக்கிவிடுவதும் குடிமராமத்து என்ற பெயரால் நடந்துவந்தன. நீர் திறந்து பாய்ச்சுவதற்கென்றே வடபகுதியில் நீர்கட்டிகளும், தென்பகுதியில் மடைக்குடும்பர்களும் இருந்தார்கள். அறுவடைக் களத்தில் அவர்களுக்கு நெல் அளக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. ஆங்கிலேய ஆட்சியில் நிலவரியின் பெரும்பகுதி கஜானாவுக்குச் சென்றபோது, ஏரியைப் பேணுவதற்கென்று ஊரிடம் எஞ்சிய வருவாய் குன்றிற்று. அதன்பின், 1858 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, மரபாக நடந்ததைத் தண்டனையின் பயத்தால் நடத்தப் பார்த்தார்கள். அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. வருவாயை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் ஊர் எப்படி இணங்கும்? அந்த உழைப்பும் நிலம் உடையவரைவிட நிலமற்றவர் தோளிலேயே அதிகமாக விழுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிற்காலத்தில், நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பங்கிடப்பட்டன. கிணறும் மின்மோட்டாரும் வந்ததும், வசதி படைத்த விவசாயிக்கு ஏரியின் தயவு தேவைப்படாமல் போயிற்று. ஏரி யாருடையது என்ற கேள்விக்கு விடை மங்கிய அந்த இடைவெளியில்தான் சீமைக் கருவேலமும் ஆக்கிரமிப்பும் புகுந்தன. 2017 ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல ஏரிகளில் வேலை நடந்தது. ஆனால், ஒரு கோடையில் தூர்வாரப்பட்ட ஏரிக்கு அடுத்த கோடையிலும் ஆள் வேண்டும் என்பதைத் திட்டங்களால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. அதற்கு ஆண்டுதோறும் இயங்கும் ஒரு ஸ்தாபனம் வேண்டும்.

நகரத்துத் தண்ணீர்

கிராமத்தை விட்டு நகரத்துக்கு வருவோம். 1688 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது என்று பெருமை கொள்கிறோம். ஆனால் அந்நகரின் பெரும்பாலான ஜனங்களுக்கு ஓர் ஒழுங்கான குடிநீர் ஏற்பாடு வர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. 1772 இல் அமைந்த ஏழுகிணறு, முதன்மையாகக் கோட்டையின் தேவைக்காக ஏற்பட்டது. 1872 இல்தான் கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் வழியாகத் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை வடிகட்டி வழங்கும் ஏற்பாடு 1914 இல் வந்தது. அங்கே அமைந்த மணல் வடிகட்டிகளின் இயக்கம் நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது: மணற்பரப்பின் மேல் படியும் மெல்லிய உயிர்ப்படலமே நீரிலுள்ள கிருமிகளைப் பிடித்து நிறுத்துகிறது, அப்படலம் தடித்துவிட்டால் நீர் இறங்காது, ஆதலால் குறித்த காலங்களில் வடிகட்டியை வடியவிட்டு, மேல்மணலைச் சுரண்டி எடுத்தே தீர வேண்டும். எந்திரம் கெட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுரண்டும் வேலையை ஒருவர் செய்யாமல் விட்டாலோ, நகரத்துக்குக் கிடைக்கும் நீர் குறைவதில்தான் தெரியும்.

நம் பொதுவாழ்வின் பெரியவர்கள் சிலர் தம் முதற்பயிற்சியைப் பெற்றது இத்தகைய காரியங்களில் என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். முதல் உலகப் போர் முடிவடைந்த காலத்தை ஒட்டி, சேலம் நகரசபைக்கு ராஜாஜியும் ஈரோடு நகரசபைக்குப் பெரியாரும் தலைவர்களாக இருந்தார்கள். ஈரோட்டில் குழாய்க் குடிநீர் வழங்கும் திட்டத்தை நிறைவேற்றியது பெரியாரின் பணிகளுள் ஒன்று. 1939 இல் சென்னையின் மேயரான தீரர் சத்தியமூர்த்தி, நகரின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்துக்காக ஓயாது உழைத்தார். 1943 இல் அவர் காலமானார். 1944 இல் நீர்த்தேக்கம் முடிவடைந்தது. அது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேச விடுதலையைப் பற்றிச் சிந்தித்த அதே உள்ளங்கள், தெருக்குழாயைத் தம் தகுதிக்குக் குறைந்த விஷயமாகக் கருதவில்லை.

பின்னர் வந்த பெருந்திட்டங்கள் நம் பொறியாளர்களின் ஆற்றலுக்குச் சான்று: 1971 இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தோன்றியது, 2004 இல் வீராணம் ஏரியின் நீர் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து சென்னையை அடைந்தது, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பற்கள் கறைபட்டும் எலும்புகள் வளைந்தும் துன்புற்ற மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுசேர்த்தது. இத்தனைக்கும் பிறகு, 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. 2003 இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகளுள் எத்தனையோ, கூழாங்கல்லும் மணலும் ஒருமுறைகூட எடுத்துக் கழுவப்படாமல் அடைந்து கிடந்தன. சட்டம் குழியைத் தோண்டச் செய்தது. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் அதைத் துப்புரவு செய்யும் வழக்கம் வீடுகளில் வேரூன்றவில்லை.

தொட்டி ஆபரேட்டர்

இப்போது தமிழகத்தின் ஏதேனும் ஒரு சிற்றூரை மனத்தில் கொள்ளுங்கள். ஊர் நடுவில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று நிற்கிறது. 2019 இல் தொடங்கிய மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கிறது; ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு 27,500 லிட்டர். ஆகவே, நாள்தோறும் ஒருமுறை தொட்டி நிறைந்து, கசிவில்லாமல் வீடுகளைச் சென்றடைந்தால் போதும், ஊரின் தேவை நிறைவேறிவிடும். கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் இது நிறைவேறுவது தொட்டி ஆபரேட்டர் என்று ஊரார் அழைக்கும் ஒரே ஒரு மனிதரைப் பொறுத்தது.

விடியுமுன் மோட்டாரைப் போடுகிறவர் அவர். மின்சாரம் வரும் நேரம், ஆழ்துளைக் கிணற்றில் ஊறும் நீரின் அளவு, மேட்டுத் தெருவுக்கு எந்த வால்வை எவ்வளவு நேரம் திறந்தால் தண்ணீர் ஏறும், கடைக்கோடி வீட்டுக்கு எப்போது போய்ச்சேரும் என்ற நுணுக்கங்கள் யாவும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் நினைவில்தான் உள்ளன. மாதம் இருமுறை தொட்டிக்குள் இறங்கிக் கழுவ வேண்டியவரும், ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டியவரும் அவரே. அந்தத் தூள் மூட்டை வாய்திறந்து ஈரத்தில் கிடந்தால் குளோரின் வீரியம் போய்விடும். வெறும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதற்கு ஒப்பாகும். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் சிறு விரிசல் இருந்தால், நீரோட்டம் நின்றவுடன் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும்; மறுநாள் காலை முதற்குடத்தில் வருவது அதுதான். வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள், அண்டை வீட்டுத் தண்ணீரைக் கவர்வதோடு, இந்த ஆபத்தையும் தெரு முழுவதுக்கும் விளைவிக்கிறார்கள்.

இத்தனை உயிர்களின் ஆரோக்கியம் எவருடைய கையில் இருக்கிறதோ, அவருக்கு நாம் அளிக்கும் ஊதியம் எவ்வளவு? பயிற்சி எவ்வளவு? அவர் நோயுற்றால் அவ்வேலையைச் செய்ய மாற்றாள் உண்டா? கோடிக்கணக்கான ரூபாய் செலவில் குழாய் பதித்த திட்டம் ஒன்று, மாதத் தொடக்கத்தில் உரிய ஊதியம் பெறாத ஓர் ஊழியரின் தோள்மேல் நின்றுகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு வேதனைப்படுகிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் தேடுகிற நாம், அன்றாடம் அத்தொட்டியைக் காப்பவரின் பெயரை அதன் தூணில் எழுதிவைப்பதில்லை.

யாருக்கு உரிய நீர்

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஜாதியைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையாகாது. மஹாராஷ்டிரத்து மஹாட் நகரசபை, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924 இல் தீர்மானித்தது; ஆயினும் தாழ்த்தப்பட்டவர் எவரும் அதில் நீர் மொள்ள இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருகினார். தாக்குதலும் வழக்கும் தொடர்ந்தன. அவ்வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937 இல்தான் முடிவுற்றது. காகிதத்தில் பொதுவாக இருக்கும் ஒரு பணி, நடைமுறையிலும் பொதுவாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

அது பழைய காலம் என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. தமிழ் மக்கள் அனைவரும் தலைகுனிய வேண்டிய கொடுமை அது. தொட்டி கட்டுவது பொறியியல். அத்தொட்டியைத் தங்களுடையது என்று ஊரில் உள்ள எல்லோரும் கருதும் நிலையை உண்டாக்குவது ஒழுக்கவியல். மேட்டுத் தெருவுக்கு இரண்டு மணி நேரமும் காலனிக்கு அரை மணி நேரமும் வால்வு திறக்கப்படும் ஊரில், பராமரிப்புப் பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பொதுப்பணி நடக்கிறது என்று கூறுவது அதர்மம்.

கணக்குக் கேட்கும் சபை

அப்படியானால் முறையிடுவது எங்கே? காலிக் குடங்களோடு பெண்கள் சாலை மறியல் செய்வதை நாம் ஒவ்வொரு கோடையிலும் காண்கிறோம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், கையில் மனுவோடு முதியவர்கள் வரிசையில் அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். ஆட்சியர் நல்லவராக இருக்கலாம். பல மனுக்களுக்கு உடனே பரிகாரமும் கிடைக்கலாம். ஆனால், ஒரு தெருக்குழாயின் வால்வு பழுதுபட்டதற்காகக் கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி, மாவட்டத் தலைநகருக்கு ஒரு பிரஜை செல்ல நேர்ந்தால், அவருடைய ஊரில் ஏதோ ஒரு ஸ்தாபனம் இயங்கவில்லை என்றே பொருள்.

அந்த ஸ்தாபனம் கிராம சபை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம், குடிநீர், சிறுபாசனம், சுகாதாரம் முதலிய 29 விஷயங்களை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று அட்டவணையிட்டது. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். குடவோலையில் பெயர் இடம்பெறாத அனைவருக்கும், பெண்களுக்கும் நிலமற்றவர்க்கும் தாழ்த்தப்பட்டவர்க்கும், இங்கே சமமான இடம் உண்டு. ஊராட்சியின் வரவு செலவை இச்சபையின் முன் படிக்க வேண்டும். உத்தரமேரூரின் கண்டிப்பையும் அம்பேத்கரின் சமத்துவத்தையும் ஒருங்கே கொண்ட ஓர் அமைப்பு நம் கையில் இருக்கிறது.

இருந்தும் அதை நாம் பேணினோமா? தமிழகத்தில் 1970 க்குப் பிறகு 1986 வரையிலும், அதன் பின் 1996 வரையிலும், ஊராட்சித் தேர்தல்கள் தடைபட்டன. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே விதித்திருந்தும், 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிர்வகித்தார்கள். ஏரிக்கரையைப் போலவே ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் ஆண்டுதோறும் மராமத்து வேண்டும். ஒரு பருவம் கைவிட்டால் உடைப்பு எங்கே ஏற்படும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

செய்ய வேண்டுவன

ஆகவே, அரசுக்கும் பொதுமக்களுக்கும் என் விண்ணப்பங்கள் சிலவற்றைச் சொல்லி இவ்வுரையை நிறைவு செய்கிறேன். குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு நிதி ஒதுக்கும்போதே, அடுத்த பத்தாண்டுப் பராமரிப்புக்கான தொகையையும் தனியே ஒதுக்கி, அதை வேறு செலவுக்குத் திருப்பலாகாது என்று விதிக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலருக்கும் வாழ்க்கைக்குப் போதுமான ஊதியமும், ஆண்டுதோறும் பயிற்சியும், தொட்டியில் இறங்குவதற்கான பாதுகாப்புச் சாதனங்களும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். தொட்டி கடைசியாகக் கழுவப்பட்ட தேதியும், அன்றைய குளோரின் அளவும், எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விடப்பட்டது என்ற விவரமும், எல்லோரும் படிக்கும்படி தொட்டியின் கீழேயே எழுதப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தல்கள், சட்டமன்றத் தேர்தலுக்கு உள்ள அதே கண்டிப்போடு, உரிய காலத்தில் நடைபெற வேண்டும்.

பொதுமக்களாகிய நமக்கும் கடமைகள் உண்டு. தண்ணீர் வரியை உரிய காலத்தில் செலுத்துபவர்க்கே உரத்துக் கணக்குக் கேட்கும் தார்மிக வலிமை கிட்டும். குழாயில் மோட்டார் வைக்கும் செல்வாக்குள்ளவரை எதிர்த்துப் பேச அஞ்சி, ஆபரேட்டரை மட்டும் வைவது கோழைத்தனம். மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் கிராம சபைக்குச் செல்லுங்கள், நகரத்தில் வாழ்வோர் தம் வார்டு உறுப்பினர் கூட்டும் பகுதி சபைக்குச் செல்லுங்கள். வாக்களிக்கும் வயதை எட்டாதவர்கள் தம் அன்னையரை அழைத்துச் செல்லுங்கள். சென்ற ஆண்டு குடிநீருக்கென்று செலவான தொகை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று, எந்தத் தெரு விடுபட்டது என்று மரியாதையோடும் அச்சமின்றியும் கேளுங்கள். கிடைத்த விடையை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த சபையில் மீண்டும் கேளுங்கள். ஒருமுறை கேட்பது கோபத்தால் நேரலாம். ஆண்டுதோறும் கேட்பதுதான் குடிமைப் பண்பு. அதை ஒவ்வோர் ஊரும் பழகிக்கொண்டால், நம் ஏரிகளுக்கும் குழாய்களுக்கும் காவலர் இல்லை என்ற நிலை இந்நாட்டில் இராது.